எல்லாம் பத்து நிமிஷம்

ஸ்டேஷன் பத்து நிமிஷம், ஸ்கூல் பத்து நிமிஷம்,
ஏரி பத்து நிமிஷம், கோயிலும் பத்து நிமிஷம் என்றார்
புரோக்கர் பக்தவச்சலம்.
"கொழந்தைங்களுக்குன்னே செஞ்ச ஊரும்மா இது."
வண்டியை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு வந்தார்.
மாடம்பாக்கத்துக்கு உள்ளே, தார் முடியும் இடத்தில்
ஓர் எருமை வழிவிடவில்லை.
அங்கேதான் இறங்கிப் பார்த்தேன்.

அப்போது திருவல்லிக்கேணியில் ஒற்றை அறை.
மகள் பந்தை உருட்டினால்
கேஸ் சிலிண்டரில் போய் முட்டும்.
மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்,
ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும்
முழங்காலை ஒடுக்கி ஒடுக்கி.

அந்த முழங்காலை நீட்டத்தான் இங்கே வந்தோம்.

பத்து நிமிஷத்தை அளந்துவிட்டேன்.
ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருப்பதைச் சேர்க்காமல்
முப்பத்தைந்து.
கேம்ப் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டால்
கணக்கே கிடையாது.
தாம்பரத்தில் ஆறு நாற்பது லோக்கல்,
எழும்பூர் வரைக்கும் ஒரு காலில்,
பிறகு பகல் முழுக்க
யார் யாருடைய ரத்தத்துக்கோ பெயர் ஒட்டுகிறேன்.

திரும்பும்போது தெரு விளையாடி முடித்திருக்கும்.
காம்பவுண்டுச் சுவரில் கரிக்கோடு மூன்று,
ஒரு கேட்டிலும் பூட்டாமல் சாய்ந்த சைக்கிள்கள்.
ஆதிரை ஷகிலா வீட்டில் சாப்பிட்டிருப்பாள்,
இல்லாவிட்டால் ஜெபராஜ் சார் வீட்டு சோபாவில்
வகுத்தல் கணக்கின் நடுவே தூங்கியிருப்பாள்.
தூக்கி வரும்போது
முழங்காலில் மஞ்சள் பற்று மணக்கும்.
எங்கே விழுந்தாள், எத்தனை மணிக்கு, அழுதாளா
எல்லாம் தெருவுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு பால் வாங்கப் போனேன்.
முன்பல் இல்லாத பையன் ஒருவன்
சைக்கிளைக் குறுக்கே போட்டுக் கேட்டான்:
"யாரு வேணும் ஆன்ட்டி?"
மூன்று வருஷமாய் அந்தத் தெருவில்
வாடகை கொடுக்கிறவள் நான்.
"ஆதிரையோட அம்மாடா."
மேலும் கீழும் பார்த்தான்.
"அவங்க ராத்திரிதானே வருவாங்க?"
நம்பாமலே வழிவிட்டான்.

கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து
பாலைப் பொங்கவிட்டேன்.

சாயங்காலம் மகள் ஊரைச் சுற்றிக் காட்டினாள்.
இந்த நாய் குரைக்கும், கடிக்காது.
அந்த நாய் குரைக்காது.
பச்சை கேட்டு வீட்டில் பந்து விழுந்தால் கேட்கலாம்,
பக்கத்து வீட்டில் என்றால் சுவரேறிவிடுவதே நல்லது.
காலி மனைப் பலகைக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு,
"ஒண்ணும் பண்ணாதும்மா, அது பேரு ரமணி."
மின்கம்பத்தில் ஒரு கறையைத் தொட்டாள்.
"போன டிசம்பர்ல தண்ணி இது வரைக்கும்.
நீ டூட்டில இருந்தே."
ஜெபராஜ் சார் சொன்னாராம்,
நம் தெரு இருப்பது ஏரியின் வாலில்.
"அப்ப இங்க இருந்த மீனெல்லாம் எங்க போச்சு?"
மனைப் பத்திரம் யாரிடமாவது இருக்கும்.
மீனைப் பற்றி அதில் எழுதியிருக்காது.

கரையில் நாமக்கோழிகள்
தலையாட்டித் தலையாட்டி நீந்திக்கொண்டிருந்தன.
விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று
காது அடைக்கத் தாழப் பறந்தது.
அத்தனை பேரில்
அண்ணாந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

விளக்கு எரிந்ததும் தெருமுனையில்
கையை உருவிக்கொண்டாள்.
"நீ போம்மா, பத்து நிமிஷத்துல வர்றேன்."
அது பக்தவச்சலத்தின் பத்து நிமிஷம்.
மாவை எடுத்து வெளியே வைத்தேன்.
கேட்டில் ஏதோ மோதியது.
போய் எடுத்தேன், சேறு ஒட்டிய பந்து.
வீசினேன்.
அது வேறெங்கோ போயிற்று.
பாதிப் பேர் கத்தினார்கள், பாதிப் பேர் தலையில் கைவைத்தார்கள்.
இருட்டில் முன்பல் இல்லாத குரல் ஒன்று:
"ஆதிரம்மா, அடுத்த தடவ
பாத்துப் போடுங்க!"