ஏழாம் கணக்கு

ஒன்றரை மீட்டர்க் குச்சிக்கு
இரண்டு மீட்டர் நிழல்.
அதே வேளையில்
பன்னிரண்டு மீட்டருக்கு நிழல் நீட்டும் மரத்தின் உயரம்
எக்ஸ் என்க.

என்கிறேன்.
என்பதற்கு என்ன, காசா பணமா?
ஆனால் ஹாம்மர்ஃபெஸ்டில் இது டிசம்பர்.
சூரியன் போய் மூன்று வாரம் ஆகிறது.
மரம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் தெருவில்
என் இடுப்புயரத்துக்கு நாலைந்து பிர்ச்சுகள்,
அவையும் இப்போது பனிக்குள்.
இந்தப் புத்தகத்தை எழுதியவர்
தெற்கே எங்கோ, வெயில் விழும் ஜன்னலோரம்
உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

விடை ஒன்பது.
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
அதுதான் உறுத்தியது.

எய்லிஃபை இழுத்துக்கொண்டு கீழே போனேன்.
அவன் கையில் அப்பாவின் இரும்பு அளவுநாடா,
என் கையில் பனிச்சறுக்குக் கோல்,
ஒரு மீட்டரும் இருபது சென்டிமீட்டரும்.
மணி நாலு, நடுநிசி போல நாலு.
தெருவிளக்கிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நட்டோம்.
நிழல் ஒரு மீட்டர்.
எட்டு மீட்டர் தள்ளி நட்டோம்.
இரண்டு.

அதே கோல்தான்.
எய்லிஃப் மறுபடி அளந்தான்,
நாடாவைத் திருப்பிப் பிடித்தும் அளந்தான்.
"கோல் வளருது" என்றான்.
கொஞ்சம் கழித்து, "புத்தகம் பொய்."

நாயோடு போன தூர்பியொர்க் நின்றாள்.
"என்னத்தைத் தொலைச்சீங்க?"
"மரத்தோட உயரத்தை."
"எந்த மரம்?"
"ஏழாம் கணக்கு மரம்."
நாய் கோலை முகர்ந்து பார்த்துக் காலைத் தூக்கியது.
நம்பியது அது ஒன்றுதான்.

விளக்கு பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.
எட்டாத தூரத்தில் இருக்கும் சூரியன்
எல்லாவற்றையும் ஒரே சாய்வில் பார்க்கும்.
விளக்குக்கோ
காலடியில் நிற்பவனுக்கு ஒரு நியாயம்,
தள்ளி நிற்பவனுக்கு இன்னொன்று.

கையுறையைக் கழற்றிவிட்டுப்
பனியில் விரலால் கோடு இழுத்தேன்:
விளக்கு, கோல், நிழலின் நுனி.
பெரிய முக்கோணத்தின் மூலையில் சின்ன முக்கோணம்.
விளக்கின் உயரம் எக்ஸ் என்க.
ஒன்றுக்கு ஐந்து.
இரண்டுக்குப் பத்து.
எப்படிப் போனாலும் ஆறு மீட்டர்.
நிழல் ஆளுக்கொன்று சொன்னாலும்
கம்பம் பேச்சு மாறவில்லை.
யாரும் கேட்காத கணக்கு. மதிப்பெண் கிடையாது.
விரல் நுனி மட்டும் எனக்குச் சொந்தமில்லாதது போலிருந்தது.

மேலே வந்து ஏட்டைத் திறந்தேன்.
ஒன்பதை அடிக்கவில்லை.
அதற்கு மேலே காலியாக விட்டிருந்த வரியில்,
இன்னும் மடங்காத விரல்களால்,
கோணல்மாணலாக எழுதினேன்:

சூரியன் உண்டு என்க.

எட்டாம் கணக்கில் ஒரு நீச்சல்குளம், இரண்டு குழாய்கள்.
எய்லிஃப் அதற்குள்
தன் பூட்ஸை எங்கோ ஒளித்துவைத்துவிட்டான்.