கட்டில் எண் ஆறு

சனையாவில் எங்கள் அறைக்கு எட்டுக் கட்டில்.
மேலே ஐந்து, நான்.
கீழே ஆறு, வீரபாண்டியன்பட்டணம் செவத்தியான்.

அவன் இருமி யாரும் கேட்டதில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய்
குளியலறைக் குழாயை முழுசாகத் திறப்பான்.
வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்
இருமி முடித்துவிட்டு வருவான்.
எழுவதற்கு முன் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்ப்பான்,
அப்போது என் கட்டில் ஆடும்.

தை மாதக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.
"கிறுக்கா உனக்கு?" என்றான் மைதீன்பிச்சை.
மீன்குழம்பு வாடை என்றேன்.
அன்றைக்குச் சமைத்தது பருப்பு.

துவைத்த துண்டைக் கொடியில் போடமாட்டான்,
கட்டில் காலில் கட்டுவான், கறை உள்பக்கமாக.
என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள்
"ஏப்ரல்ல விசா புதுப்பிக்கணும் மாப்ள" என்றான்.
எக்ஸ்ரே என்ற சொல்லை
அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மைதீன்பிச்சைக்கு ஊரில்
இன்னும் தூக்கிப் பார்க்காத பிள்ளை.
அடுத்த வாரம் டிக்கெட்.
இவன் தட்டில்தான் அவனும் கைவைப்பான்.

முதுகுவலி என்று கிளினிக்கில் சீட்டு வாங்கினேன்.
மலையாளத்து சிஸ்டர் முதுகைத் தொடுமுன்னே
சொல்லிவிட்டேன்.
"பேரு?"
பேர் சொல்லமாட்டேன்.
"சரி, கட்டில் நம்பர்?"
ஆறு.
பேர் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை என்று
பஸ்ஸில் கேம்ப் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்.
செருப்பு மாட்ட நேரம் கொடுத்தார்கள்.
எங்கள் ஏழு பேருக்கும் சளி, ரத்தம், நெஞ்சுப் படம்.
படிக்கட்டில் நின்ற எவனோ போனைத் தூக்கினான்.
முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்,
ஊருக்கு அது போதும்.
வேன் கேட்டைத் தாண்டுமுன்
வீடியோ கடல் தாண்டியது.
குழாயடியில் அவன் மனைவி குடத்தை
யாரோ காலால் தள்ளிவைத்தார்களாம்.

நான் சொன்னது ஒருத்தியிடம்.
மறுபடி நேர்ந்தாலும் சொல்வேன்.
காட்டிக்கொடுத்தவன் நான், காட்டியவன் வேறொருவன்.
குடத்தோடு நிற்கிறவளுக்கு
இது என்ன கணக்கு?

மைதீன்பிச்சைக்கு ஒன்றுமில்லை, ஊர் போய்ச் சேர்ந்தான்.
எனக்கு நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து
ஒரு குரல்பதிவு. நாற்பத்தொரு விநாடி.
பகலெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.
தனியாகக் கேட்க
இந்த அறையில் வேறு இடமில்லை.
இரண்டு மணிக்கு எழுந்துபோய்
குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்தேன்.