ஐந்நூறு சுற்று

கிரானுக்கு அங்கால தார் முடிந்தது.
புவிராசா மச்சானின் டிராக்டர் பெட்டியில்
நாங்கள் நாலு பேர், ஐந்து சோற்றுப் பொதி,
மடியில் ஒரு முட்டித் தயிர்.
வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை.
சிக்னல் போன இடத்தில்
அபிஷனா ஒருமுறை பெருமூச்சு விட்டாள்.
மேற்கே குடும்பிமலை
ஈரம் காயாத கொண்டையோடு.

நான் வீதித் திணைக்கள ஆய்வுகூடத்தில்
கல்லுக்குச் சோதனை வைப்பவன்.
கழுவிக் காயவைத்த ஐந்து கிலோ கருங்கல்,
பதினொரு இரும்புக் குண்டு,
உருளையை மூடி ஐந்நூறு சுற்று.
கால்மணி நேரம் காது இராது.
மறுகா அரித்து, மிச்சத்தை நிறுத்து,
தூளாய்ப் போனது நூற்றுக்கு எத்தனை என்று
படிவத்தில் எழுதிக் கையொப்பமிடுவேன்.
இருபத்தேழு. முப்பத்தொன்று.
முப்பத்தொன்பதுக்கு ஒருமுறை
ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்தார்.

பாலை மரங்களுக்குள்ளால் ஒரு மணித்தியால நடை.
யானை லத்தி இன்னும் சூடு என்று
மச்சான் தொட்டுப் பார்த்துச் சொன்னதும்
எல்லோரும் கொஞ்சம் வேகமானோம்.

அதற்குப் பெயரில்லை.
தண்ணி விழுற இடம், அவ்வளவுதான்.
மாரிக்கு வரும், பங்குனிக்குள் போய்விடும்.
இரண்டு தென்னை உயரம் என்றார் மச்சான்;
ஒரு தென்னைகூட இல்லை, அதுவும் இளந்தென்னை.
ஆனால் விழுந்துகொண்டிருந்தது.

நனைந்த பாறையில் கறுப்பும் வெள்ளையுமாய் வரிகள்,
பிசைந்த மா போல மடிந்து மடிந்து.
"இது எப்ப செஞ்ச?" என்றான் யதுஷன்.
நூறு கோடி வருஷம் இருக்கும் மகன்.
"எங்க?"
நிலத்துக்கு அடியில், இருபது கிலோமீற்றர் ஆழத்தில்,
உருகாமல், ஆனால் இளகி.
அந்தக் காலம் போய் நெடுநாள் வரைக்கும்
நமக்குப் பக்கத்து வளவு அந்தாட்டிக்கா.
அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.
"நாம கீழ இறங்கல்லையே.
மேல இருந்த மலை எங்க?"

நான் வாய் திறக்குமுன்
காதிலிருந்து வயரைக் கழற்றி அபிஷனா சொன்னாள்:
"கல்லடியில நீ கால் புதைக்கிற மணல்,
அதில கொஞ்சம்.
மிச்சம் கடலுக்குள்ள."
எப்போது படித்தாளோ.
மச்சான் தயிர் முட்டியைத் திறந்து
மலைக்காக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

விழுகிற இடத்தின் ஓரத்தில்
உரல் போல ஒரு குழி.
உள்ளே முட்டை முட்டையாய் ஏழு கல்.
தண்ணீர் சுழல, அவை சுழல,
கடகடவென்று
எனக்குப் பழக்கமான சத்தம்.
குழியைக் கல் தேய்க்கிறது, கல்லைக் குழி தேய்க்கிறது.
படிவமில்லை. தராசில்லை.
இது எத்தனையாவது சுற்று என்று
கேட்கிற ஒப்பந்தக்காரரும் இல்லை.
வருஷத்தில் மூன்று மாதம்தான் வேலை,
மிச்சமெல்லாம் லீவு.
அந்த வேகத்தில்தான்
என் முழங்கை வரை ஆழம் போயிருக்கிறது.

"கல்லை விட்டுட்டு வந்து குளியுங்க!"
கிருபாஜினி உடுப்போடு நடு அருவியில் இருந்தாள்,
கண்ணாடியைக் கழற்றாமல்,
வாய் நிறையத் தண்ணீரும் சிரிப்புமாய்.
போய் அவளருகே முதுகைக் கொடுத்தேன்.
நாற்பத்தாறு வயது.
எனக்கும் நூற்றுக்கு ஏதோ போயிருக்கும்,
நிறுத்துப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை,
உடுப்புக் கழுவும் மெஷினுக்குள்
கடகட, கடகட.
"ட்ரம் உடையப் போகுது, ஓடி வாங்க!"
ஓடினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
யதுஷனின் காற்சட்டையோடு சேர்ந்து
ஒரு முட்டைக் கல்
நுரைக்குள் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது.
கை சுவிட்சுக்குப் போய் நின்றது.
முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று...
பின்னால் வந்து நின்ற திருடன்
மெல்லக் கேட்டான்:
"அது வேலைக்குப் போகாட்டி
மத்த ஆறும் என்னப்பா செய்யும்?"