மூன்று வெட்டு

ஏணியை இன்னும் சாத்தவில்லை, ரீச்சர்.
மரம் பார்க்க வருகிறவன்
அண்ணாந்தபடி வந்தால்
அவனுக்குக் காசு கொடுக்காதேயுங்கோ.
முதலில் கீழே பார்க்கவேணும்.
வேர் மண்ணைத் தூக்கியிருக்கா,
அடியில் காளான் பூத்திருக்கா,
மதில் எந்தப் பக்கம் வெடித்திருக்கு.

பூவரசு நல்லாயிருக்கு.
மதில்தான் பிழை.
அத்திவாரம் ஒரு முழம்கூட இல்லை,
பழியை மரத்தில் போட்டிருக்கிறீங்கள்.

"அடியோடு எடுங்கோ" என்று போனில் சொன்னீங்கள்.
உவர்மலையில், இந்தக் கச்சான் மாதத்தில்,
அடியோடு எடுத்தால்
மூன்று மணி வெயில் நேரே குசினிக்குள் வந்து குந்தும்.
பிறகு ஏசிக்காரனுக்குப் போன் எடுப்பீங்கள்.
அவனிடம் எனக்குக் கொமிஷன் இல்லை.

லைனைத் தொடுகிறது ஒரு கொப்புத்தான்.
அதுக்கும் நான் ஏறமாட்டேன்,
சபைக்காரர் வந்து கறண்டை நிற்பாட்டும்வரை.
பச்சைக் கொப்பும் கம்பிதான்.
சல்லியில் விமலதாசன்
"ஒரு நிமிச வேலைதானே" என்று ஏறினவன்.
அவன்ரை செருப்பு இரண்டும்
பின்னேரம்வரை மரத்தடியில் கிடந்தது,
சோடியாக,
கழற்றி வைத்தபடியே.

இனி வெட்டு.
ஒரே வெட்டில் இறக்கினால்
விழுகிற கொப்பு பட்டையையும் பிடித்து இழுக்கும்,
சண்டையில் சட்டை கிழிந்தமாதிரி,
கழுத்திலிருந்து இடுப்புவரை.
ஆகவே முதலில் அடிப்பக்கத்திலிருந்து கால்வாசி.
பிறகு ஒரு சாண் வெளியே தள்ளி, மேலிருந்து.
பாரம் போய்விடும்.
மிஞ்சின கட்டைக்குத்தான் மூன்றாவது.
கொப்பு அடிமரத்தோடு சேருமிடத்தில்
ஒரு மடிப்பு, பாருங்கோ,
முழங்கையில் தோல் சுருங்கினமாதிரி.
அதுக்கு வெளியேதான் வாள்.
அதைத் தொட்டால்
காயத்தை மூட மரத்திடம் வேறொன்றும் இல்லை.

தார் பூசவேண்டாம்.
சாணியும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும்.
உள்ளே ஈரம் நின்று உக்கும்.
நாலு மாரி கொடுங்கோ, தானாக மூடும்.

வாளை வைக்கமுதல் தட்டிக் கேட்பேன்.
கோறை என்றால் வெறும் பீப்பா மாதிரிச் சொல்லும்.
இந்த ஊர் மரங்களில் வேறொரு சத்தமும் இருக்கு.
பாலையூற்றில் ஒரு மாமரம்,
தட்டினேன், சத்தம் சட்டென்று குறுகியது.
அவசரம். வாளை ஓட்டினேன்.
சங்கிலி அறுந்து
இந்தக் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது.
பிளந்தால், உள்ளே
பெருவிரல் அளவு இரும்பு.
செல் துண்டு.
மரம் அதை விழுங்கிவிட்டுத்
தன்பாட்டில் காய்த்துக்கொண்டிருந்திருக்கு.
வீட்டுக்காரர் இரும்பிலிருந்து பட்டைவரை
விரலை வைத்து அளந்தார்.
ஐந்து விரல்.
ஒன்றும் பேசவில்லை.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை
அந்தத் துண்டைக் கையில் வைத்திருந்தார்.

உங்கடை மரத்திலும் தட்டுவேன்.
இருந்தால் சொல்லுவேன்.
சொல்லவேண்டாம் என்றால்
இப்பவே சொல்லிப்போடுங்கோ.

உச்சியில் காகக்கூடு இருக்கு.
குஞ்சு பறக்கும்வரை அந்தக் கொப்பு நிற்கும்.
அதுக்குப் பிறகு வந்து எடுப்பேன், தனிக் காசு இல்லை.
கூலி ஏழாயிரம்.
கயிறு பிடிக்கிற றிஸ்வியின் பங்கும் அதுக்குள்தான்.
அவன் போனை என்ரை பையில் போட்டுவிட்டுத்தான்
கயிற்றைத் தொடுவான்.
பன்னிரண்டு வருசமாக நான் விழாததுக்கு
அதுவும் ஒரு காரணம்.

குழை ஏற்ற ட்ராக்டர் பிடிக்கவேண்டாம்.
கேற்றுக்கு வெளியே போட்டுவிடுங்கோ.
கோட்டைப் பக்கத்து மான்கள்
இரவில் இவ்வளவு தூரம் வருகுது இப்ப.
விடிய, தடி மட்டும் மிஞ்சும்.
தடி எனக்கு வேணும்,
கோடாலிப் பிடிக்கு.

சரி, ஏறப்போறேன்.
ஏணியைப் பிடிக்கவேண்டாம், ரீச்சர்.
அங்கேயும் நிற்கவேண்டாம்.
மரத்தின் உயரம் எவ்வளவோ
அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி,
அந்தக் கிணற்றடியில் நின்று,
ஏசவேணும் போலிருந்தால் ஏசுங்கோ.