வாசலில் வைத்த மழை

என் கடையில் காலியான பன்னீர் சோடா பாட்டில்கள்தான் ஆறும்.
கழுத்தில் ஒட்டிய சீட்டில் தேதி எழுதியிருக்கிறேன்:
ஐப்பசி மூன்று, ஏழு, எட்டு,
பதினொன்று ராத்திரி, பதினொன்று விடியல்,
கடைசியாகத் தேதி மறந்துபோன ஒரு மழை.

குவாரி மேட்டில் கொட்டிவைத்த கல்மாவு
கோடையெல்லாம் சும்மாதான் கிடக்கும்.
காற்றடித்தால் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.
மழை விழுந்தால் அதற்குக் கால் முளைக்கும்.
வேலியை, வண்டிப்பாதையை, சேவுகன் வரப்பைத் தாண்டி
வரத்துக்கால் வழியே
பங்காளி போல உரிமையோடு இறங்கும்
கொக்கரைக் கண்மாய்க்குள்.

பால் மாதிரி இருக்கே என்பார்கள் பார்க்க வருகிறவர்கள்.
பால் உறைந்தால் தயிர்.
இது உறைந்தால் தரை.
வெயிலடித்த நாலாம் நாள்
மண்வெட்டி பட்டால் 'டங்' என்கிறது கண்மாய்.
ஆண்டிச்சியின் எருமை இறங்கும்போது கறுப்பு,
ஏறும்போது யாருடையது என்றே தெரியவில்லை.
நாற்று நிமிர்ந்துதான் நிற்கிறது,
திருநீறு பூசிக்கொண்டு, வளராமல்.

"பெய்யுற மழைக்கு நாங்களா பொறுப்பு?"
என்றார் குவாரி மேனேஜர்.
நியாயம்தான்.
பெய்ததைப் பற்றி நான் கேட்கவில்லை,
ஓடியதைப் பற்றித்தான்.

முதல் வண்டியில் மேலூர்,
அங்கிருந்து மாட்டுத்தாவணி.
மடியில் பை, பைக்குள் தளும்பிக்கொண்டு ஆறு மழை.
பக்கத்து சீட்டுப் பையன் கேட்டான்,
"அக்கா, மோரா?"

கலெக்டர் ஆபீஸ் வாசலில்
பெண் போலீஸ் பையைத் திறந்தார்.
திங்கட்கிழமை என்றால் பாட்டிலைக் கண்டு பயம் அவர்களுக்கு.
எவரோ எப்போதோ ஊற்றிக்கொண்ட மண்ணெண்ணெய்
இன்னும் அங்கே மணக்கிறது போல.
மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனார்.
"என்னம்மா இது?"
"மழைங்க."
"மழையா?"
"எங்க ஊர் மழை."
இன்னொரு தடவை முகர்ந்தார்.
மழையை உள்ளே விடலாமா என்று
அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
சுவரோரம் வைக்கச் சொன்னார்.
அங்கே ஏற்கனவே ஒரு கேன்,
யாருடையதோ இருமல் மருந்து.

காகிதம் மட்டும் உள்ளே போனது,
அதன் பின்னால் நான்.
எழுபத்து மூன்றாவது டோக்கன்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்லவர்தான்,
உட்காரச் சொன்னார்.
"ஆதாரம் ஏதும் இருக்கா?"
"இருக்குங்க சார். வாசல்ல நிக்குது."
மனுவின் மூலையில் ஓர் எண்ணைக் கிறுக்கி
கனிமவளத்துக்கு என்று எழுதினார்.
எழுபத்து நாலு எழுந்து நின்றது.

வெளியே வந்தபோது மணி ரெண்டு.
பாட்டில்கள் தெளிந்திருந்தன.
மேலே நல்ல தண்ணீர், குடிக்கலாம் போல.
அடியில் இரண்டு விரற்கடை எங்கள் கண்மாய்.
உள்ளே கொண்டுபோயிருந்தாலும் தெளிந்துதான் இருக்கும்.
அவர் கண்ணெதிரே நான் குலுக்கியிருக்க வேண்டும்,
சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறவள் மாதிரி.

எண்ணினேன். ஐந்துதான்.
பெண் போலீஸ் சங்கடமாகச் சிரித்தார்:
"தெளிஞ்சிருச்சேன்னு
அந்த குரோட்டன்ஸுக்கு ஊத்திட்டேன்மா,
வாடிக் கெடந்துச்சு."

தொட்டி மண்மேல் வெள்ளையாக ஒரு வட்டம்,
ஓரம் இன்னும் காயவில்லை.
எந்தத் தேதி மழை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த திங்களும் வருவேன்.
மனு என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும்.
அதற்கு முன்னால் ஒரு குச்சியெடுத்து
அந்தத் தொட்டியில் குத்திப் பார்க்க வேண்டும்.