பதினாலு நாள்

மேலூர் தாண்டி, கல்லை வெட்டியெடுத்துவிட்டு
கைவிட்டுப் போன குழியில்
மூன்று மழைத் தண்ணீர் நிற்கிறது.
போன மாதம் நான்தான் அதில்
கொசுப்புழு தின்னும் மீன்களைக் கவிழ்த்தேன்.
தின்கின்றனவா என்று கேட்க ஆளில்லை.
படிவத்தில் 'விடப்பட்டது' என்றொரு கட்டம், அவ்வளவுதான்.

குழியை ஒட்டிச் சூளை.
பூல்மதிக்கு ஆறு வயது.
ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம்.
மோதிர விரலில் குத்திக்
கண்ணாடியில் தடவி அனுப்பிய துளி
வைவாக்ஸ் என்று திரும்பி வந்தது.
பதினாலு நாள் மாத்திரை,
வெறும் வயிற்றில் கூடாது,
என் கண்முன்னால் விழுங்க வேண்டும்.

அவள் ஒடியா எனக்குத் தெரியாது.
என் தமிழில் அவளுக்குத் தெரிந்தது
"வாயத் தொற", "முழுங்கு".
திறப்பாள். நாக்கைக்கூட நீட்டிக் காட்டுவாள்.
நான் டிக் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஒன்பதாம் நாள்
காயப்போட்ட பச்சைச் செங்கல் வரிசையில்
ஒரு கல் என்னைப் பார்த்தது.
ரெண்டு மாத்திரை கண்,
வளைத்துப் பதித்த ஆறும் பல்.
ஈரத்தில் பாதி கரைந்த சிரிப்பு.

அவள் அம்மா கை ஓங்கினாள்.
குறுக்கே நின்றேன்,
எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.
காய்ச்சல்தான் போயிருக்கிறது,
அது ஈரலில் படுத்துக் கிடக்கிறது என்று
எந்தச் சைகையில் சொல்ல?

"இன்னும் அஞ்சு நாள்தான மேடம்?" என்கிறார் மேஸ்திரி.
எட்டு டிக்கையும் அடித்தேன்.
ஒன்று என்று எழுதிவிட்டு
அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.
பிஸ்கட்டை ரெண்டாகப் பிய்த்தோம்.
நாலரை பஸ் போகட்டும்.