கச்சான் மாதம்

பாம்பனிலிருந்து மண்டபம் நண்டு கம்பெனிக்கு
காலை ஆறு மணி ஷிப்ட்.
பிந்தினால் அரைநாள் வெட்டு.
நடுவே பாலம்.

சைக்கிள் என்றால் ஆனி ஆடியில்
கச்சான் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்,
யாருடி நீ, எங்க போறே என்கிற மாதிரி.
பாலத்தின் இணைப்பு இரும்புகளை எண்ணிக்கொண்டே ஏறுவேன்.
பாதியில் எண்ணிக்கை தவறும்.
திரும்பும்போது அதே காற்று
மிதிக்க விடாமல் கூட்டிவந்து
வீட்டு வாசலில் இறக்கிவிடும்.
காலையில் திட்டியதை அப்போது திரும்ப வாங்கிக்கொள்வேன்.

பைக் என்றால்
அருளப்பன் மச்சான் விற்கிற பழசு.
இருபத்தோராயிரம். பாதி ரொக்கம்,
மீதி சீட்டு விழும்போது.
உப்புக்காற்று சைலன்சரை அப்பளமாக்கி வைத்திருந்தது.
"ஓட்டை இருந்தா என்ன,
சத்தம் கேட்டு ஆள் விலகும்ல" என்றார்.

கித்தேரிக்குக் கியர் போடத் தெரியுமா என்று
டீக்கடையில் பேச்சு எழுந்ததாம்.
தண்ணீர் வற்றி மணல் இறுகிக் கிடக்கும் நேரம் பார்த்து
மூன்று ஞாயிறு, பூசை முடிந்து பழகினேன்.
விழுந்தது இரண்டு முறை.
பார்த்தவை நாய்கள்.

நோட்டில் கணக்கு எழுதினேன்.
ஒரு பக்கம் பெட்ரோல், இன்சூரன்ஸ், சீட்டுப்பணம்.
மறுபக்கம் அரைநாள் வெட்டு, ஐப்பசி இருட்டு, முழங்கால்.
முழங்காலுக்கு நேரே என்ன தொகை போடுவது?
மகன் பென்சிலைப் பிடுங்கி
அந்த இடத்தில் ஒரு நண்டு வரைந்தான்.

சைக்கிள் இபுறாம்சாவுக்குப் போனது, ஆயிரத்து இருநூறுக்கு.
ஐஸ் பெட்டி கட்ட வாகான கேரியர் என்று
பேரம் பேசாமல் எடுத்தான்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பதினொரு நாள்
நான்கு நிமிஷத்தில் பாலம் முடிந்தது.
இருபக்கமும் கடல் இருந்ததா என்று கேட்டால்
இருந்திருக்கும்.
சீக்கிரமே போய்க் கம்பெனி வாசலில்
கண்ணயர்ந்தேன்.
அதுவும் சுகம்தான், பொய் சொல்வானேன்.

பன்னிரண்டாம் நாள்
ஏற்றத்தில் வண்டி இருமி நின்றது.
முந்தாநாள் போட்டது ஐம்பது ரூபாய்க்கு.
ரிசர்வ் திருகு துருவேறித் திரும்பவில்லை.
தள்ளினேன்.
கச்சான் வண்டியையும் என்னையும் சேர்த்துத் திருப்பித் தள்ளியது.
வேனில் வந்தவர்கள் ரயில் பாலத்தைப் படமெடுத்தார்கள்.
ஒருவர் என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார்.

அப்போது உச்சியிலிருந்து மணிச்சத்தம்.
டிங் என்று தொடங்கி டொக் என்று முடிகிற,
ஒரு பக்கம் நசுங்கிய
என் மணி.

இபுறாம்சா. காலி ஐஸ் பெட்டி பின்னால்,
கைலி காற்றில் புடைக்க,
பெடலில் கால்கூட வைக்காமல் இறங்கி வந்தான்.
என்னைத் தாண்டிப் போய், பிரேக் பிடித்து, திரும்பிப் பார்த்து,
நல்லவேளை சிரிக்கவில்லை.
"மணி எத்தனைக்கா?"
"கால்மணி நேரம் இருக்கு."
"பெட்டியோடயே ஏறிப் போ."
பைக்கைத் திருப்பினான், நியூட்ரலில் உட்கார்ந்தான்.
இறக்கமும் காற்றும் அவனைப் பாம்பனுக்கே கொண்டுபோயின,
இஞ்சின் இல்லாமல், ராஜா மாதிரி.

நான் எழுந்து நின்று மிதித்தேன்.
சீட்டை அவன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தான்,
உட்கார்ந்தால் கால் எட்டவில்லை.
பெட்டி காற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது
இருபத்தாறோடு தவறிப்போனது.

வாசலில் மேஸ்திரி கைக்கடிகாரத்தை விட்டுவிட்டுப்
பெட்டியைப் பார்த்தார்.
"என்ன மீனு?"
"காத்து" என்றேன்.

சாயங்காலம் சைக்கிளை விலை கேட்டேன்.
ஆயிரத்து ஐந்நூறு என்கிறான்.
சீட்டை இறக்கித் தருவியா என்றேன்.
அதுக்குத் தனி என்கிறான்.
சரி, கச்சான் விழட்டும்,
அப்போது பேசுகிறேன் அவனிடம்.